‘எப்படி வந்ததாம்?’: எச்.ஐ.வி களங்கமும் பாடசாலை மேடையும்

உலக எயிட்ஸ் தினமான டிசம்பர் 1 நெருங்கினால் நம் பாடசாலைகளில் எச்.ஐ.வி பற்றி ஏதாவது ஒன்று நடக்கும். காலைக் கூட்டத்தில் ஒரு பேச்சு, சுவரில் மண்டையோடு வரைந்த பிறிஸ்டல் போட், சில இடங்களில் ஒரு நாடகம். நாடகத்தின் கதை பெரும்பாலும் ஒன்றேதான். ஒருவன் கெட்ட சகவாசத்தில் விழுவான், மெலிவான், இருமுவான், தாய் தலையிலடித்து அழுவாள், அவன் செத்துப்போவான். கைதட்டல். விழிப்புணர்வு முடிந்தது.

அதைப் பார்த்த பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோவது இரண்டு செய்தி: வந்தால் சாவு, வந்தவர் கெட்டவர். இரண்டும் பிழை. எச்.ஐ.வி உள்ள ஒரு தாயின் மகன் அந்தக் கூட்டத்தில் இருந்தால், அவன் மூன்றாவது செய்தி ஒன்றையும் கொண்டுபோவான்: யாரிடமும் வாய் திறக்கக் கூடாது.

திருகோணமலையில் பாடசாலைப் பிள்ளைகளோடு நாடகமோ பாட்டோ ஓவியமோ செய்து இந்தக் களங்கத்தைக் குறைக்க நினைக்கும் ஆசிரியர்களுக்கும் இளைஞர் கழகங்களுக்கும் இது எழுதப்பட்டது. மருத்துவமோ அரங்கியலோ முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அம்மாள் வருத்தம் வந்த வீடு

ஒரு வீட்டில் பிள்ளைக்குக் கொப்புளிப்பான் வருகிறது. வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அயலவர் உள்ளே போகமாட்டார்கள். பிள்ளை பாடசாலைக்கு வராது. கொப்புளங்கள் காய்ந்து, தண்ணி வார்த்து முடிந்ததும் பிள்ளை பழையபடி வாங்கில் வந்து அமரும். பக்கத்துப் பிள்ளை தழும்பைத் தொட்டுப் பார்த்துச் சிரிக்கும். ‘இது உனக்கு எப்படி வந்தது’ என்று யாரும் விசாரிப்பதில்லை.

கொப்புளிப்பான் காற்றிலும் பரவும், தொட்டாலும் பரவும். ஆகவே அந்தச் சில நாள் விலகலில் நியாயம் இருக்கிறது. அந்த விலகலுக்கு ஒரு காரணம் உண்டு, முடிவுத் திகதி உண்டு, யார் மீதும் பழி இல்லை.

அதே வீட்டில் எச்.ஐ.வி என்று வைத்துப் பாருங்கள். காற்றில் பரவாது, தொட்டாலும் பரவாது, ஒரே பீங்கானில் சாப்பிட்டாலும் பரவாது. விலகி நிற்பதால் ஒருவருக்கும் பாதுகாப்பு கூடுவதில்லை. ஆனாலும் விலகுகிறார்கள். தண்ணி வார்க்கும் நாள் என்று ஒன்று அந்த விலகலுக்கு இல்லை. கூடவே முதல் கேள்வியும் வந்துவிடுகிறது: ‘எப்படி வந்ததாம்?’

அந்த ‘ஆம்’ஐக் கவனியுங்கள். சொல்பவர் பொறுப்பேற்காமல் ஒரு செய்தியைக் கைமாற்றிவிட நம் மொழி கொடுத்திருக்கும் வசதி அது. வந்ததாம், போனாளாம், இருந்ததாம். களங்கம் பெரும்பாலும் இந்த விகுதியில்தான் ஊர் சுற்றுகிறது.

இரண்டு சொற்களை இங்கேயே பிரித்துக்கொள்வோம். ஒருவரிடம் உள்ள ஏதோ ஒரு அடையாளத்தை வைத்து, அவர் முழுவதுமே குறைந்தவர் என்று ஊர் மனத்தில் முடிவுகட்டுவது களங்கம். நிலவில் ஒரு மறு தெரிந்ததும் நிலவையே மறந்து மறுவை மட்டும் பார்ப்பது மாதிரி. அந்த முடிவு செயலாக மாறுவது பாரபட்சம்: அணியில் சேர்க்காதது, வாடகைக்கு வீடு கொடுக்காதது, பாடசாலையில் அனுமதி மறுப்பது.

போட்டோக்கொப்பிக் கடை

மேடைக்குப் போக முன் வைரசைப் பற்றி நாலு விடயம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். பிழையான தகவலோடு போடும் நல்ல நாடகம், போடாத நாடகத்தைவிட மோசம்.

எச்.ஐ.வி என்பது நோயெதிர்ப்புச் சக்தியைத் தாக்கும் வைரசு. 1983இல் அடையாளம் காணப்பட்டது. நம் இரத்தத்தில் உள்ள சீ.டி.4 என்ற வெள்ளணுக்கள், கிருமி வந்தால் மற்ற அணுக்களுக்கு உத்தரவு கொடுக்கும் காவல் அதிகாரிகள். வைரசு இந்த அதிகாரிகளின் அறைக்குள்ளேயே புகுந்துவிடுகிறது.

பாடசாலை வாசலில் உள்ள போட்டோக்கொப்பிக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். வைரசுக்குச் சொந்தமாக மெசின் கிடையாது. சீ.டி.4 அணுவை மெசினாக வைத்துத் தன்னைக் கொப்பி எடுக்கிறது. கொப்பிகள் வெளியேறி அடுத்த அணுவுக்குப் போகின்றன, மெசின் பழுதாகிறது. சுகதேகி ஒருவரின் ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் ஏறத்தாழ 500 முதல் 1500 வரை சீ.டி.4 அணுக்கள் இருக்கும். சிகிச்சை இல்லாமல் பல வருடங்கள் போய், அது 200க்குக் கீழே இறங்கினால், அல்லது பலமிழந்த உடலைப் பற்றும் சில குறிப்பிட்ட தொற்றுகள் வந்தால், அந்த நிலைக்குத்தான் எயிட்ஸ் என்று பெயர். எச்.ஐ.வி உள்ள எல்லோருக்கும் எயிட்ஸ் இல்லை. நேரத்தோடு மருந்து தொடங்கினால் அந்த நிலைக்குப் போகவே தேவையில்லை.

மருந்து செய்வது கொப்பி மெசினை நிறுத்துவது. மூலப்பிரதிகள் சில, மேசை லாச்சிக்குள் ஒளிந்து கிடக்கும். அவற்றை இன்றுள்ள மருந்தால் துடைக்க முடியாது. அதனால் குளிசையைத் தினமும் போட வேண்டும். விட்டால் மெசின் மறுபடி ஓடும். ஒழுங்காகப் போட்டால் சில மாதங்களில் இரத்தத்தில் உள்ள கொப்பிகள் பரிசோதனைக்கே அகப்படாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலையில் தொடர்ந்து இருப்பவரிடமிருந்து உடலுறவின் வழியாக மற்றவருக்கு வைரசு தொற்றாது. அவர் படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கலியாணம் கட்டலாம், பிள்ளை பெறலாம், மற்றவர்களைப் போல முதுமைவரை வாழலாம்.

பரவும் வழிகள் எண்ணி முடிக்கக் கூடியவை: பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள இரத்தமோ பகிர்ந்த ஊசியோ, தாயிடமிருந்து கருவிலும் பிரசவத்திலும் தாய்ப்பாலிலும் பிள்ளைக்கு. இந்த மூன்றாவது வழி சிகிச்சை இல்லாவிட்டால் 100 பிரசவங்களில் 15 முதல் 45 வரை தொற்றைக் கொண்டுசேர்க்கும். சிகிச்சை இருந்தால் 5க்கும் கீழே வரும். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி தொற்றுவதை ஒழித்த நாடு என்று இலங்கைக்கு 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. நம் நாட்டில் வயது வந்தோரிடையே தொற்று 0.1 சதவீதத்துக்கும் குறைவு. அதாவது, இங்கே வைரசைவிடக் களங்கம் பல மடங்கு அதிகம் பேரிடம் இருக்கிறது.

நுளம்பு பற்றிய கேள்வி

எந்த வகுப்பிலும் இந்தக் கேள்வி வரும். டெங்குவோடு வாழும் ஊரில் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

டெங்கு வைரசு நுளம்பின் குடலில் பெருகி, அதன் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர்கிறது. நுளம்பு நம்மைக் குத்தும்போது உள்ளே விடுவது அந்த உமிழ்நீரை. முன்பு குடித்த இரத்தத்தை அது நமக்குள் கக்குவதில்லை. எச்.ஐ.விக்குக் கொப்பி எடுக்க மனிதனின் சீ.டி.4 அணு வேண்டும். நுளம்பிடம் அது கிடையாது. வைரசு அதன் வயிற்றில் சமித்துப்போகும். ‘பரவாது’ என்று மட்டும் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டிவிட்டு நம்பாமல் போவார்கள். ஏன் பரவாது என்று இரண்டு வரி சொன்னால் வீட்டில் போய் வாதாடுவார்கள்.

இதுவரை சொன்னதில் பிடித்துக்கொள்ள வேண்டியது: எச்.ஐ.வி வேறு, எயிட்ஸ் வேறு. வழிகள் மூன்றே. மருந்து போடுபவர் சாதாரணமாக வாழ்கிறார். கொப்புளிப்பானில் விலகுவதற்குக் காரணம் இருக்கிறது, எச்.ஐ.வியில் இல்லை.

களங்கம் ஏறும் படிகள்

காரணம் இல்லாத விலகல் எப்படி உருவாகிறது? ஒரு வலைப்பந்து அணியை எடுத்துக்கொள்வோம். மது என்ற மாணவியின் பையிலிருந்து கிளினிக் அட்டை ஒன்று விழுகிறது. அது அவளுடைய அம்மாவின் அட்டை.

முதலாவது, பெயர் ஒட்டுதல். நேற்றுவரை நல்ல ‘கோல் சூட்டர்’, இன்று ‘அந்த வருத்தக்காரி’. இரண்டாவது, கதை கட்டுதல். அட்டையில் இல்லாத விவரங்களை ஊர் நிரப்பும்: அம்மா எங்கே வேலை செய்தவ, அப்பா யாரோடு திரிந்தவர். மூன்றாவது, விலகல். தண்ணீர்ப் போத்தல் நகரும், வாங்கில் ஒரு சாண் இடைவெளி வரும். நாலாவது, இழப்பு. அணிப் பட்டியலில் பெயர் இல்லை, பிறகு பாடசாலைக்கே வருவதில்லை.

மதுவுக்கு எச்.ஐ.வி இருக்கிறதா என்ற கேள்வி இந்த நாலு படிகளிலும் ஒரு தடவைகூடத் தேவைப்படவில்லை என்பதைப் பாருங்கள். இது கற்பனைக் கதையில் மட்டும் நடப்பதில்லை. 2016இல் குருணாகல் மாவட்டத்தில் ஒரு சிறு பிள்ளைக்கு எச்.ஐ.வி என்ற வதந்தி பரவியது. மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அந்தப் பாடசாலைக்கு அனுப்ப மறுத்தார்கள். பரிசோதனையில் அந்தப் பிள்ளைக்குத் தொற்று இல்லை. வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய், எச்.ஐ.வியோடு வாழும் அல்லது அதனால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் கல்வி உரிமை உண்டு என்பது அங்கே உறுதியானது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தொற்று இருந்திருந்தாலும் அந்தப் பிள்ளை அதே வகுப்பில்தான் இருந்திருக்க வேண்டும்.

ஐந்தாவது படி ஒன்று உள்ளே இருக்கிறது. ஊர் சொல்வதை அந்த ஆளே நம்பத் தொடங்குவது. இதை உட்களங்கம் என்போம். உட்களங்கம் உள்ளவர் பரிசோதனைக்குப் போகமாட்டார். போனாலும் தெரிந்த முகம் எதிரே வந்தால் திரும்பிவிடுவார். குளிசைப் போத்தலின் ஒட்டுத்தாளைக் கிழித்துவிட்டு ஒளித்துவைப்பார், விருந்தாளி வந்த நாட்களில் போடாமல் விடுவார். கொப்பி மெசின் மறுபடி ஓடும். வைரசு பரவ இதைவிட வசதி வேண்டியதில்லை.

தெரிந்தும் ஏன் விலகுகிறோம்

வினாத்தாளில் பத்துக்குப் பத்து எடுக்கும் பிள்ளையும் போத்தலை நகர்த்தும். அறிவு தலையில், விலகல் கையில். பேய் இல்லை என்று தெரிந்தவர்தான் இரவில் சுடலைப் பக்கமாகப் போகையில் நடையைக் கூட்டுகிறார்.

கைக்குப் பயிற்சி கொடுக்கக் கூடியது கலை. நாடகத்தில் ஒரு பிள்ளை மதுவுக்குப் பக்கத்தில் உட்கார்கிறது. பொய்யாகத்தான் என்றாலும் உடம்பு ஒரு தடவை அதைச் செய்து பார்த்துவிட்டது. நாளைக்கு வகுப்பில் அதே இடைவெளி விழும்போது, அந்த உடம்புக்கு இரண்டாவது வழி ஒன்று தெரியும்.

எச்.ஐ.வியின் வரலாற்றில் கலைஞர்கள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவர்களும் இல்லை. சட்டையில் குத்தும் சிவப்பு நாடாவே 1991இல் நியூயோர்க்கில் கலைஞர் குழு ஒன்று வடிவமைத்தது. அதற்கு முன், 1987இல், எயிட்சால் இறந்தவர்களின் பெயர்களைத் தைத்த துணிகளை வொஷிங்டன் புல்வெளியில் விரித்தார்கள். ஒவ்வொரு துணியும் 3 அடிக்கு 6 அடி, ஒரு புதைகுழியின் அளவு. எண்ணிக்கையாக இருந்தவர்கள் அன்று பெயராக மாறினார்கள்.

நிறுத்து! விவாத அரங்கு

பாடசாலைக்கு மிகப் பொருத்தமான வடிவம் இது என்பது எங்கள் கணிப்பு. பிறேசில் அரங்கியலாளர் அகஸ்டோ போவால் 1970களில் வளர்த்தது. ஒரு சிறு நாடகம் அநியாயத்தில் முடியும். அதையே இரண்டாம் தடவை போடுவார்கள். இப்போது பார்வையாளர் யாரும் ‘நிறுத்து’ என்று கத்தி, மேடைக்கு வந்து, ஒரு பாத்திரத்தின் இடத்தை எடுத்துக் கதையை மாற்ற முயலலாம். இதுதான் விவாத அரங்கு.

ஆட்கள்: ஐந்து அல்லது ஆறு நடிகர்கள், ஒரு நடத்துநர். பார்வையாளர் ஒரு வகுப்பு, அதாவது 35 முதல் 40 பேர். முழுப் பாடசாலையையும் மண்டபத்தில் அடைத்தால் ‘நிறுத்து’ என்று கத்தத் துணிபவர் இருக்கமாட்டார், பின்வரிசையில் பகிடிதான் நடக்கும். அரைவட்டமாக இரண்டு வரிசை. மேடை வேண்டாம். மேடையில் ஏறுவதற்கு ஒரு தைரியம் வேண்டும், தரையில் நாலு அடி நடப்பதற்கு அவ்வளவு வேண்டாம்.

நேரம்: இரண்டு பாடவேளை, 80 நிமிடம். உடலைத் தளர்த்தும் விளையாட்டு 10, நாடகம் 10 முதல் 12, விவாதம் 35, சுகாதாரத் தகவல் 10, பெயரில்லாமல் எழுதிப்போடும் கேள்விகளுக்கான கேள்விப் பெட்டி 10. நாடகம் 12 நிமிடத்தைத் தாண்டினால் பிள்ளைகள் ரசிகர்களாகச் சாய்ந்துவிடுவார்கள், பிறகு எழுப்ப முடியாது.

மதுவின் கதையை மூன்று சிறு காட்சிகளாகப் போடலாம். பயிற்சி முடிந்து எல்லோரும் ஒரே போத்தலில் அண்ணாந்து குடிக்கிறார்கள். மதுவின் முறை வந்ததும் போத்தல் அவளைத் தாண்டிப் போகிறது. இரவு வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி, கீழே சிரிப்புப் படங்கள். மறுநாள் பட்டியல் ஒட்டுகிறார்கள். மதுவின் பெயர் இல்லை. அவள் வெறும் போத்தலோடு நிற்கும்போது நாடகம் உறைகிறது. ஒவ்வொரு காட்சியிலும், யாராவது ஒன்று செய்திருந்தால் கதை திரும்பியிருக்கக் கூடிய ஒரு கணம் தெளிவாகத் தெரிய வேண்டும். அந்தக் கணம் இல்லாத காட்சியை வெட்டிவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

(சபையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இருந்தால், ஒரே போத்தலில் குடிப்பதே பிழை என்பார். தடிமனுக்கு அவர் சொல்வது சரி. அண்ணாந்து குடிக்க வைத்தால் தகராறு இல்லை.)

யாருடைய இடத்தை எடுக்கலாம் என்பதில் கண்டிப்பாக இருங்கள். மதுவின் இடம், அவளுடைய தோழியின் இடம், பார்த்துக்கொண்டு சும்மா நின்றவரின் இடம். வதந்தி பரப்பியவளின் இடத்தை யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் அவள் திடீரென்று நல்லவளாவாள், பிரச்சினை மந்திரம் போட்டதுபோல் மறையும், எல்லோரும் கைதட்டுவார்கள். நாளைக்கு வகுப்பில் உள்ள உண்மையான வதந்திக்காரி அப்படி மாறப்போவதில்லை. பிள்ளைகளுக்கு வேண்டியது, அவள் மாறாதபோதும் தாங்கள் செய்யக் கூடியது.

இரண்டாம் தடவை தொடங்கியதும் பெரும்பாலும் ஒருவரும் கத்தமாட்டார்கள். நடத்துநர் பதறக் கூடாது. அரை நிமிட மௌனம் நீளமாகத்தான் தெரியும், பொறுங்கள். அதற்கும் அசையாவிட்டால், ‘எந்த இடத்தில் உங்களுக்குக் கோபம் வந்தது?’ என்று கேட்டு, அந்த இடத்திலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.

முதலில் வருபவர் பேச்சுப் போட்டிப் பிள்ளையாக இருப்பார். தோழியின் இடத்தை எடுத்து, எச்.ஐ.வி பரவும் வழிகளை ஒப்புவிப்பார். நடிகர்கள் அதற்கு உடனே பணிந்துவிடக் கூடாது. ‘சரியடி, எனக்கும் தெரியும். ஆனா எங்கட அம்மா கேட்டா என்ன சொல்ல?’ என்று உண்மையில் வரும் பதிலைச் சொல்ல வேண்டும். அதற்காக வந்தவரை நசுக்கவும் கூடாது. மூன்று நாலு பேர் வந்து போன பிறகு பேச்சுக் குறைந்து செயல் வரும். ஒருத்தி போத்தலை வாங்கி மதுவிடம் நீட்டுவாள். ஒருத்தன் குழு நிர்வாகிக்குத் தனியாக எழுதுவான். இன்னொருத்தி, ‘மதுவின் பெயர் இல்லையென்றால் என் பெயரையும் வெட்டுங்கோ’ என்பாள்.

ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் நடத்துநர் கேட்க வேண்டியவை மூன்று. என்ன மாறியது? இது நம் பாடசாலையில் நடக்கக் கூடியதா? செய்தவருக்கு இதனால் என்ன நட்டம்? மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். துணை நிற்பவருக்கும் களங்கத்தின் ஒரு துளி தெறிக்கும் என்பது பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அதை மறைத்தால் முழு விவாதத்தையும் நடிப்பு என்று தள்ளிவிடுவார்கள்.

விவாதத்தின் நடுவில் யாராவது கட்டாயம் கேட்பார்: ‘மதுவின் அம்மாவுக்கு எப்படி வந்தது?’ பதிலை நாடகத்தில் எழுதி வைக்காதீர்கள். இரத்தம் ஏற்றியதால் வந்தது என்று எழுதினால், ‘அப்பாவி’ என்று ஒரு வகையும் ‘தேடிக்கொண்டவர்’ என்று ஒரு வகையும் பிறந்துவிடும். நடத்துநர் திருப்பிக் கேட்கட்டும்: ‘அது தெரிந்தால் நீர் போத்தலைக் கொடுப்பதா இல்லையா என்பது மாறுமா?’ இந்த ஒரு கேள்வி சபையில் இறங்க அன்றைய விவாதத்தில் பாதி போனாலும் போகட்டும்.

இந்தப் பகுதியின் சாரம்: சிறு நாடகம், சிறு சபை, அநியாயத்தில் முடிவு, துணை நிற்பவரின் இடத்தில் மாற்றம், வந்த வழி சொல்லப்படாத கதை.

சிலைக்காட்சி, வில்லு, தூரிகை

பேசக் கூச்சப்படும் பிள்ளைகளுக்கும், தமிழும் சிங்களமும் கலந்த குழுவுக்கும் சிலைக்காட்சி நல்லது. சொல் இல்லாமல், அசைவில்லாமல், உடல்களால் மூன்று படம்: இன்று இருப்பது, இருக்க வேண்டியது, இரண்டுக்கும் நடுவில் நடக்க வேண்டியது. நடுப்படம்தான் கடினம், அதில்தான் பாடம். ஆணும் பெண்ணும் தொட்டு நிற்பது சங்கடமான இடங்களில் ஒரு வாங்கையோ ஒரு துணியையோ இடையில் வைத்து, அதன் தூரத்தால் நெருக்கத்தையும் விலகலையும் காட்டலாம்.

வில்லுப்பாட்டுக்கு ஒரு இயற்கையான வசதி உண்டு. பக்கத்தில் இருந்து குறுக்குக் கேள்வி போடும் ஆள் அதில் ஏற்கனவே இருக்கிறார். ஊர் வதந்தி முழுவதையும் அவர் வாயில் கொடுங்கள். நுளம்பு, சலூன் கத்தி, கிணற்றுக் கப்பி எல்லாவற்றையும் அவர் கேட்கட்டும். சபை தன் சந்தேகத்தைக் கண்டு சிரிக்கும். சிரித்தவர் அதை அவ்வளவு இறுக்கிப் பிடிப்பதில்லை. ஆபத்து எதுகையில் இருக்கிறது. ‘தீராத’ என்று தொடங்கினால் ‘மாறாத’ வரும், பிறகு ‘பாவம்’ வந்தே தீரும். பாட்டு எழுதி முடிந்ததும் ‘கொடிய’, ‘உயிர்க்கொல்லி’, ‘பலியான’, ‘எயிட்ஸ் நோயாளி’ என்ற சொற்களைத் தேடி வெட்டுங்கள். ‘எச்.ஐ.வி உள்ளவர்’ என்பது சந்தத்துக்கு இடைஞ்சல்தான். சந்தத்தை மாற்றுங்கள்.

ஓவியத்தில் மண்டையோடு, பாம்பு, சவப்பெட்டி, எலும்பும் தோலுமான உடம்பு ஆகியவற்றுக்குத் தடை. பயம் கண்ணை இழுக்கும், ஆனால் அந்தப் பயம் வைரசில் ஒட்டாது, ஆளில்தான் ஒட்டும். பதிலாக ஒரு செயலைக் கேளுங்கள்: ஒரே குடையில் இருவர், ஒரே சைக்கிளில் இருவர், சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிடுபவர்கள். யாருக்கு எச்.ஐ.வி என்று பார்ப்பவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். சுவரில் ஒட்டுவதற்கு ஒரு கணக்கு: 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயர எழுத்து. சொற்கள் ஏழைத் தாண்டினால் வாசிக்கமாட்டார்கள்.

பழுதாகும் இடங்கள்

மிகப் பெரிய பழுது, களங்கத்தை ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவர் மேல் வைப்பது. கதையில் எச்.ஐ.வி உள்ளவரை மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய பெண்ணாகவோ, பலநாள் படகில் போகும் மீனவராகவோ, உல்லாசப் பயண விடுதியில் வேலை செய்யும் பெடியனாகவோ எழுதிவிடுவார்கள். மூதூரிலும் கிண்ணியாவிலும் உப்புவெளியிலும் சபையில் இருக்கும் பிள்ளைகளின் தாயும் தகப்பனும் அண்ணனும் அவர்களே. மூன்று இனமும் சேர்ந்து வாழும் மாவட்டத்தில், பாத்திரத்தின் பெயரைக்கொண்டே அது ‘யாருடைய வருத்தம்’ என்று சபை தீர்மானித்துவிடும். எச்.ஐ.வி உள்ள பாத்திரத்தின் பெயரை நாடகக் குழுவின் சொந்தச் சமூகத்திலிருந்து எடுங்கள். மற்றவர் மேல் சுட்டும் விரல் அதோடு நின்றுவிடும்.

அடுத்தது பரிதாபம். மதுவை ஓயாமல் அழவைத்தால் சபையும் அழும், அழுதுவிட்டு அவளைத் தூக்கி மேலே வைக்கும். பரிதாபப்படுபவர் பக்கத்தில் உட்காரமாட்டார், எதிரே நிற்பார். மது கோபப்படட்டும், பகிடி விடட்டும், ஒரு இடத்தில் பிழைகூடச் செய்யட்டும்.

மூன்றாவது, ஆளைத் தேடுவது. ‘எச்.ஐ.வி உள்ள யாராவது வந்து பேசினால் நல்லது’ என்று ஆர்வக்கோளாறில் அலையக் கூடாது. அப்படிப் பேச விரும்புபவர்கள் தங்கள் அமைப்புகளின் ஊடாக, தயாரிப்போடு வருவார்கள். ஒவ்வொரு சபையிலும் எச்.ஐ.வியோடு வாழும் ஒருவரோ அவருடைய பிள்ளையோ இருக்கிறார் என்று நினைத்தே ஒவ்வொரு வரியையும் எழுதுங்கள். அவர் காதில் கேட்கக் கூடாத வரியை எழுத வேண்டாம்.

காற்றும் மழையும் அனுமதியும்

உலக எயிட்ஸ் தினம் 1988 முதல் டிசம்பர் 1இல் வருகிறது. நமக்கு அது வாடைக்கால மழை. வெளியில் நாடகம் நனையும், போஸ்டர் நிறம் ஓடும், தகரக் கூரையில் மழை விழுந்தால் வசனம் கேட்காது. உருப்படியான வேலையை ஆண்டின் நடுவில், மழையில்லாத மாதங்களில் செய்துவிட்டு, டிசம்பரில் நாடா குத்துவதோடு நிற்கலாம். நடு ஆண்டில் கச்சான் காற்று இருக்கிறது. அது தென்மேற்கிலிருந்து அடிக்கும். நடிகர்களுக்கு முதுகில் காற்றுப் படும்படி நிறுத்தினால் குரல் சபைக்குப் போகும். மாறி நிறுத்தினால் தொண்டை கட்டியதுதான் மிச்சம். பத்து மணிக்கு முன் தொடங்குங்கள்.

அதிபரிடமும் வலயக் கல்வி அலுவலகத்திலும் எழுத்தில் அனுமதி எடுக்க வேண்டும். கடிதத்தில் ‘பாலியல் நாடகம்’ என்று யாரும் வாசித்துவிடாதபடி, நாடகத்தின் சுருக்கத்தை ஒரு பக்கத்தில் இணையுங்கள். பிரதியின் மருத்துவ வரிகளைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ, திருகோணமலையில் உள்ள அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்திலோ சரிபார்த்துக்கொள்ளுங்கள். சபையின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அங்கிருந்து ஒருவர் வந்தால் பாதிச் சுமை குறையும். பரிசோதனையும் சிகிச்சையும் அரச நிலையங்களில் இலவசம், விவரங்கள் இரகசியம் என்பதை அவர் வாயால் பிள்ளைகள் கேட்பது முக்கியம்.

வேலை செய்ததா என்று பார்ப்பது

நாடகம் முடிந்த கையோடு கேட்டால் எல்லாப் பிள்ளையும் நல்ல பிள்ளைதான். ஒரே ஐந்து கேள்விகளை மூன்று தடவை கேளுங்கள்: ஒரு கிழமை முன், ஒரு கிழமை பின், மூன்று மாதம் பின். பெயர் எழுத வேண்டாம், கைதூக்க வேண்டாம், தாளில் ஆம் அல்லது இல்லை. எச்.ஐ.வி உள்ள ஒருவரோடு ஒரே வாங்கில் இருப்பீரா? அவர் வீட்டில் சாப்பிடுவீரா? அவரோடு ஒரே அணியில் விளையாடுவீரா? அவரைப் பற்றிய செய்தி வந்தால் பிறருக்கு அனுப்புவீரா? உமக்கு இருந்தால் வகுப்பில் ஒருவரிடமாவது சொல்வீரா?

முதல் மூன்றிலும் ‘ஆம்’ சுலபமாக ஏறும். நாலாவதில் ‘ஆம்’ மெதுவாகத்தான் இறங்கும். ஐந்தாவது அசையாமலே இருக்கலாம், ஏனென்றால் அது வகுப்பை நம்பலாமா என்று கேட்கும் கேள்வி. பிள்ளைகள் தங்களைப் பற்றி நல்லதாகச் சொல்லலாம், வகுப்பைப் பற்றிப் பொய் சொல்லமாட்டார்கள். ஐந்தாவது ஏறாத வகுப்புக்கு இன்னொரு தடவை போக வேண்டும்.

வாங்கு அடுக்கும் நேரம்

கேள்விப் பெட்டியில் எல்லோருக்கும் ஒரே அளவு தாள், ஒரே நிறப் பேனை. கேள்வி இல்லாதவரும் ‘கேள்வி இல்லை’ என்று எழுதிப் போட வேண்டும். அப்போதுதான் எழுதியவர் யார் என்று பக்கத்து வாங்குக்குத் தெரியாது. கையெழுத்துத் தெரிந்துவிடும் என்பதால் வகுப்பாசிரியர் தாள்களை வாசிக்கக் கூடாது. வெளியில் இருந்து வந்தவர் வாசித்து, போகும்போது தாள்களைத் தன்னோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் குழு முழுவதும் ஒரேயடியாக வாகனத்தில் ஏறிவிடாதீர்கள். ஒருவர் பின்தங்கி, வாங்குகளை மெதுவாக அடுக்கிக்கொண்டு இருபது நிமிடமாவது நிற்கட்டும். பெட்டிக்குள் போடாத கேள்வி அந்த நேரத்தில்தான் வரும். ‘என் சிநேகிதி ஒருத்தியின் மாமாவுக்கு’ என்றுதான் அது தொடங்கும். யார் அந்தச் சிநேகிதி என்று கேட்காதீர்கள். வாங்கின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி, கதைக்க விடுங்கள். மாமா பரிசோதனைக்கு எங்கே போகலாம், அங்கே என்ன கேட்பார்கள், என்ன கேட்கமாட்டார்கள், யார் கூட வரலாம் என்று மட்டும் சொல்லுங்கள். எப்படி வந்தது என்று கேட்க வேண்டாம்.